ஹப்பிள் வரும் என்கிறது ஆப், வானத்தில் ஒன்றையும் காணோமே?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: காசு கட்டி வாங்கிய ஆப், ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி இரவு 9.20க்குத் தலைக்கு மேல் போகும் என்றது, மொட்டை மாடியில் நின்று பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அதன் படங்களை நேரடியாகப் பிடித்துத் தரும் என்று ஒருவர் ஆன்டெனா விற்கிறார், வாங்கலாமா?

ஆன்டெனா கதையை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். ஹப்பிள் தன் படங்களை டி.டி.ஆர்.எஸ். என்ற நாசாவின் தொடர்புச் செயற்கைக்கோள்களுக்கு அனுப்பும், அவை அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் நிலையத்துக்கு இறக்கும், உங்கள் மாடிக்கு அதில் எதுவும் வராது. விற்கிறவர் ஏதாவது வானிலைச் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி 'இதோ பாருங்கள்' என்பார், மயங்க வேண்டாம். ஹப்பிள் படங்களை நாசாவே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, அதற்கு எதற்கு இடைத்தரகர்?

ஆப் பொய் சொல்லவில்லை. ஹப்பிள் அப்போது உங்கள் தலைக்கு மேல் போயிருக்கும், ஆனால் பூமியின் நிழலுக்குள் போயிருக்கும். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, வெயில் பட்டால்தான் மின்னும். சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது என்பதால், சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்வரைதான் உச்சி வானத்தில் அதன்மேல் வெயில் படும். விடியலுக்கு முன்னாலும் அதே கணக்கு. இந்த நேரத்துக்குள்ளேயே ஒரு சங்கடம் உண்டு: மாலையில் மேற்கே அழகாக எழும்பி உச்சியை நெருங்கும், கிழக்கே இறங்குவதற்குள் நிழலில் நுழைந்து சில விநாடிகளில் மங்கிக் காணாமல் போய்விடும், மேகம் மறைத்துவிட்டது என்று கழுத்து வலிக்கக் காத்திருப்பவர்கள் நிறைய. அதனால் ஆப்பில் 'கடக்கும் நேரம்' என்பதை விட்டுவிட்டு 'கண்ணுக்குத் தெரியும் கடப்பு' மட்டும் காட்டச் சொல்லுங்கள், நிழலில் நுழையும் நேரத்தையும் பாருங்கள்.

அடுத்தது பழைய எண்கள். பாதையைக் கணிக்கும் இரண்டு வரி எண்களை (டி.எல்.இ.) ஆப் புதுப்பிக்காமல் இருந்தால், விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடும் பொருள் சொன்ன நேரத்துக்கு எப்படி வரும்? காசு வாங்கும் ஆப்பிலும் இந்தக் கோளாறு இருக்கலாம். செலஸ்ட்ராக் தளத்தில் அமெரிக்க ராணுவப் பட்டியலில் ஹப்பிளுக்கு உள்ள எண் 20580 போட்டால் புதிய எண்கள் இலவசமாகக் கிடைக்கும், கணக்குப் போடத் தெரியாவிட்டால் ஹெவன்ஸ் அபவ் தளத்தில் உங்கள் ஊரைக் குறித்தால் போதும். நேரம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) இருந்தால் ஐந்தரை மணி கூட்டுங்கள்.

2015இல் நாமே ஏவிய விண்வெளித் தொலைநோக்கி ஆஸ்ட்ரோசாட்டின் பாதைக்கும் அமெரிக்க ராணுவப் பட்டியலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தமிழில் ஒரு எளிய பக்கம் போட எவ்வளவு செலவாகிவிடும்? ஆஸ்ட்ரோசாட்டை வெறும் கண்ணால் தேடாதீர்கள், மங்கல். ஹப்பிள் அப்படியில்லை, துருவ நட்சத்திரம் அளவுக்குத் தெரியும். மாலைக் கடப்பு சில நாட்கள் தொடர்ந்து கிடைக்கும், அப்புறம் வாரக்கணக்கில் இருக்காது. கடப்புப் பட்டியலில் அடிவானத்திலிருந்து 40 பாகைக்கு மேல் ஏறும் நாளாகப் பார்த்து மாடிக்குப் போங்கள்.