சென்னையில் பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது எதைப் பார்த்து முடிவெடுப்பது?

மேடவாக்கத்தில் வீடு, இருவரும் வேலைக்குப் போகிறோம், மகளை வரும் ஜூனில் எல்கேஜி சேர்க்க வேண்டும், சிபிஎஸ்இயா மெட்ரிக்கா என்று குழப்பம் எனக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பேன். முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும் என்பது.

பள்ளி எட்டரைக்கு என்றால் வேன் ஏழு மணிக்கே தெருமுனைக்கு வந்துவிடும். எல்லாத் தெருவையும் சுற்றி ஏற்றிக்கொண்டு போக வேண்டுமே. மெட்ரோ வேலை நடக்கும் உங்கள் பக்கத்துச் சாலைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நாலு வயதுப் பிள்ளை ஆறு மணிக்கு எழுந்து, பாதி இட்லியை வாயில் அடக்கிக்கொண்டு, வேனில் தூங்கி வழிந்து வகுப்புக்குப் போனால், பள்ளி எவ்வளவு பெரிய பள்ளியாக இருந்து என்ன? நவம்பர் மழையில் பத்து மணிக்குக் கலெக்டர் லீவு அறிவித்து, உடனே வந்து அழைத்துப் போங்கள் என்று வாட்ஸாப்பில் செய்தி வரும் நாளும் உண்டு. அன்றைக்குப் பக்கத்துப் பள்ளியின் அருமை தெரியும். ஐந்தாவது வரைக்குமாவது மூன்று கிலோமீட்டருக்குள் தேடுங்கள்.

அந்த வட்டத்துக்குள் நாலைந்து பள்ளிகள் கிடைக்கும். அதில் எது என்று பார்க்க, அங்கே மூன்றாவது படிக்கும் பிள்ளை ஒன்றின் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். பிரின்சிபால் அறையில் அரை மணி நேரம் உட்கார்வதைவிட அது அதிகம் சொல்லும். எங்கள் அபார்ட்மென்டில் வெவ்வேறு பள்ளிகளில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் தமிழ் நோட்டுகளை ஒருநாள் சேர்த்துப் பார்த்தேன். இரண்டிலும் மழைக்காலம் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒன்றில், போர்டில் எழுதிப்போட்டதை அப்படியே பார்த்து எழுதியிருந்தான். ‘நான் குடை பிடித்துச் செல்வென்’ என்று பிழையோடு இருந்த வரியின் மேலேயே சிவப்பு மையில் பெரிய டிக், கீழே ‘குட்’. டீச்சர் அதைப் படிக்கவே இல்லை. இன்னொன்றில் கையெழுத்து கோழிக் கிறுக்கல்தான். ஆனால் ‘மழை வந்தா அப்பா லேட்டா வருவார்’ என்று சொந்தமாக ஒரு வரி இருந்தது. ‘லேட்டா’ என்பதை அடித்துவிட்டு ‘தாமதமாக’ என்று மேலே எழுதி, பக்கத்தில் ‘பாவம் அப்பா!’ என்று டீச்சர் ஒரு குறிப்பும் போட்டிருந்தார். எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. இந்த இரண்டாவது பள்ளியில் நீச்சல்குளம் கிடையாது.

டீச்சர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் அக்கா பல வருடமாக மெட்ரிக் பள்ளியில் டீச்சர். நாலு செக்‌ஷனுக்குப் பாடம் எடுத்து, செக்‌ஷனுக்கு 45 நோட்டைத் திருத்தச் சொன்னால் டிக் மட்டும்தான் போட முடியும் என்பாள். அவள் சொல்லித்தான் இன்னொரு விஷயத்தையும் பார்க்க ஆரம்பித்தேன். டீச்சர்கள் அங்கே தங்குகிறார்களா, இல்லை வருடா வருடம் ஏப்ரலில் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்களா? சம்பளம் சரியாகக் கொடுக்காத பள்ளியில் ஆள் நிற்காது. இதை ஆபீசில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அடுத்தடுத்த இரண்டு வருட ஆண்டுவிழா மலரை வாங்கி ஆசிரியர் படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள், அல்லது கேட்டில் நிற்கும் அம்மாக்களிடம் ‘போன வருஷ மிஸ் இன்னும் இருக்காங்களா?’ என்று பேச்சுக் கொடுங்கள். மாலை பள்ளி விடும் நேரத்தில் கால் மணி நேரம் அங்கே நின்றால் இதோடு சேர்த்து ஊர்க்கதையும் கிடைக்கும்.

சிபிஎஸ்இ பள்ளி என்றால் இன்னொரு வசதி. ஒவ்வொரு பள்ளியும் தன் இணையதளத்தில் கட்டாயமாக ஒரு பொதுத் தகவல் பக்கம் வைக்க வேண்டும். அங்கீகார எண், ஆசிரியர் எண்ணிக்கை, கட்டண விவரம், கட்டட உறுதி மற்றும் தீயணைப்புத் துறைச் சான்றுகள், தேர்வு முடிவுகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பக்கமே இல்லை, அல்லது பழைய தேதியில் காலாவதியான சான்றுதான் இருக்கிறது என்றால் அதுவும் ஒரு தகவல்தான். ‘சிபிஎஸ்இ பேட்டர்ன்’ என்று போர்டு வைத்திருக்கும் பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா என்று வாரியத்தின் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பெயரில் இருக்கும் ‘இன்டர்நேஷனலு’க்கும் பாடத்திட்டத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை.

பணம் என்றதும் ஒன்று. எல்கேஜி ஃபீஸை மட்டும் கேட்காதீர்கள். அதே பள்ளியில் ஐந்தாவதுக்கு இந்த வருடம் மொத்தம் எவ்வளவு ஆனது என்று கேளுங்கள். டேர்ம் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம், ஸ்மார்ட் கிளாஸ், வேன், ஆண்டுவிழா டிரஸ் எல்லாம் சேர்த்து. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழு நிர்ணயித்த தொகையையும் பள்ளி கேட்கும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு நன்கொடை வாங்கவும் கூடாது, குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்ந்தெடுக்கவும் கூடாது என்கிறது. அதனால் பல இடங்களில் இன்டர்வியூவுக்கு ‘இன்டராக்‌ஷன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சமச்சீர் கல்வி வந்த பிறகு, அதாவது 2011இலிருந்து, மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். மெட்ரிக் என்பது பெயரில்தான் தனி. அடிக்கடி வெளிமாநில மாற்றல் வரும் வேலை என்றால் சிபிஎஸ்இ சௌகரியம், கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுக்கலாம். சென்னையிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் ஐந்தாவது வரைக்கும் டீச்சரால் வரும் வித்தியாசம்தான் பெரிது. பத்தாவது முடித்ததும் இன்ஜினியரிங் கட்-ஆஃபை நினைத்து சிபிஎஸ்இயிலிருந்து மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாறுகிறவர்களும் உண்டு, நீட்டை நினைத்து எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. அதை எல்கேஜியில் முடிவு செய்ய வேண்டாம். ஆனால் எந்தப் பள்ளியானாலும் தமிழுக்கு வாரத்தில் எத்தனை பீரியட் என்று கேளுங்கள். தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ் கற்றல் சட்டம் 2006இலேயே வந்தது, 2015-16 முதல் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. இருந்தும் பேருக்கு நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன.

பள்ளி பஸ்ஸையும் ஏறிப் பார்த்துவிடுங்கள். 2012இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இறக்கி ஏற்ற உதவியாளர் இருக்கிறாரா என்று பாருங்கள். ஆட்டோவில் ஒன்பது பிள்ளைகளை அடைத்துப் போகும் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளவே வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பள்ளிப் பட்டியலில் அரசுப் பள்ளியோ மாநகராட்சிப் பள்ளியோ ஒன்றுகூட இல்லை. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். தலைமையாசிரியர் நன்றாக அமைந்த இடங்களில், மாதம் ஐயாயிரம் வாங்கும் தனியார் பள்ளியைவிட வகுப்பு நன்றாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்திலும் இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. நடுவில் ஆறாவதில் மாற்றும் யோசனை இருந்தாலும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றினால் பிள்ளை கெட்டுவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். சின்ன வகுப்பில் அப்படி எதுவும் ஆகாது, ஒரு மாதத்தில் புது சிநேகிதம் பிடித்துவிடும். ஃபீஸ் பாக்கி என்று டிசியில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது, டிசி இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. மாற்றுவதென்றால் மட்டும் ஏப்ரலிலேயே விசாரித்துவிடுங்கள். ஜூனில் இரண்டாவது, மூன்றாவது வகுப்புக்குப் போய் நின்றால், மேலே சொன்னது போன்ற நல்ல பள்ளிகளில் சீட் இருக்காது.