87 சென்ட் எங்கே போச்சு?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனபோது லாஸ் வேகாஸுக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு கேசினோவில், அதாவது சூதாட்ட விடுதியில், ஸ்லாட் மெஷின் என்ற சூதாட்ட இயந்திரத்தில் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு எழுந்தபோது 43 டாலர் 87 சென்ட்டுக்கு ஒரு சீட்டு வந்தது. அதைப் பணம் தரும் மெஷினில் போட்டால் 43 டாலர் மட்டும் வந்தது, 87 சென்ட்டுக்கு இன்னொரு சீட்டைத் துப்பியது. "விடுங்கப்பா, இதுக்குப் போய் யார் வரிசையில நிக்கிறது" என்று மகன் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். கோடிகோடியாகப் புரளும் இடத்தில் சில்லறை இல்லையா? இது ஏமாற்று வேலை இல்லையா?
– திருச்சி வாசகர்

பதில்: நம்ம ஊர் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார் இல்லையா, கேசினோவும் அதைத்தான் செய்கிறது. பணம் உங்களுடையதுதான். அந்தச் சீட்டைக் காசாளர் கவுன்ட்டரில் நீட்டியிருந்தால் 87 சென்ட்டை எண்ணிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் கவுன்ட்டர் அரங்கத்தின் இன்னொரு கோடியில் இருக்கும், முன்னால் பத்துப் பேர் நிற்பார்கள், முக்கால்வாசிப் பேர் உங்கள் மகன் மாதிரிதான் யோசிப்பார்கள் என்பது கேசினோவுக்கு நன்றாகவே தெரியும்.

முன்பு இந்தப் பணம் தரும் மெஷின்கள் பலவற்றில் நாணயமும் வந்துகொண்டுதான் இருந்தது. 2020இல் கொரோனா வந்து கடைகள் மூடியபோது நாணயங்களெல்லாம் புழக்கத்துக்கு வராமல் வீட்டு டப்பாக்களிலேயே தங்கிவிட, அமெரிக்க மத்திய வங்கியே அந்த ஜூனில் வங்கிகளுக்கு நாணயத்தை ரேஷன் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சாக்கில் பல கேசினோக்கள் மெஷினில் நாணயம் தருவதை நிறுத்தின. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் பல இடங்களில் நாணயம் திரும்பி வரவில்லை. ஏன் வர வேண்டும்? நாணயத்தை வாங்கி, மெஷினில் நிரப்பி, எண்ணி, சிக்கினால் ஆளை அனுப்பி எடுத்து, இவ்வளவுக்கும் சம்பளம் கொடுப்பதைவிட "கவுன்ட்டருக்குப் போங்கள்" என்று ஒரு சீட்டு அச்சடிப்பது மலிவு. சில மெஷின்களில் "இந்தச் சில்லறையை நன்கொடையாகக் கொடுக்கலாமா?" என்று ஒரு பொத்தானும் வரும். சில்லறை தரவில்லை என்று கோபப்பட்டு வழக்குப் போட்டவர்களும் உண்டு.

வாங்காத சென்ட்டெல்லாம் கேசினோவுக்கே போய்விடுகிறதா என்றால், முழுசாக இல்லை. சீட்டில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், சில மாதங்கள்தான் தருவார்கள். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 2011இல் ஒரு சட்டம் போட்டார்கள்: காலாவதியான சீட்டுகளின் தொகையில் 75 சதவீதம் மாநில அரசுக்கு, மீதி 25 சதவீதம்தான் கேசினோவுக்கு. அதுவரை மொத்தமும் கேசினோ வைத்துக்கொண்டது. ஆக, உங்கள் 87 சென்ட்டில் ஏறக்குறைய 65 சென்ட் நெவாடா கஜானாவுக்குப் போயிருக்கும். அந்த ஊர் சாலைக்கு நீங்களும் ஒரு கல் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைவிட எரிச்சலூட்டுவது, அந்த 87 சென்ட் எப்படி உருவாகிறது என்பதுதான். பெயர் 'ஒரு சென்ட் மெஷின்', ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு சுற்றுக்குக் குறைந்தபட்சமே 40, 50, 88 சென்ட் என்று வைத்திருப்பார்கள். 88 சென்ட் ஆட்டத்தில் கையில் 87 சென்ட் மிஞ்சினால் ஒரு சுற்றுகூட ஆட முடியாது, இன்னொரு நோட்டைச் செருகினால்தான் அது உயிர்பெறும். எழுந்து போகிறவனை மறுபடி உட்காரவைக்க இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்ன?

கேள்வி: பழைய படங்களில் ஜாக்பாட் அடித்தால் நாணயம் கலகலவென்று கொட்டுமே, அதெல்லாம் இப்போது இல்லையா?
– கோவை வாசகி

பதில்: அநேகமாக இல்லை. 2000க்குப் பிறகு சில வருஷங்களிலேயே பார்கோடு சீட்டு முறை பரவி, நாணயத்தை ஓரங்கட்டிவிட்டது. லாஸ் வேகாஸின் பழைய டவுன்டவுன் பகுதியில் எல் கோர்ட்டெஸ் போன்ற ஓரிரு இடங்களில், பழசை விரும்புகிறவர்களுக்காக நாணய மெஷின்களை வைத்திருந்தார்கள். நாணயக் காலம் பார்க்க அழகு, நடத்துகிறவனுக்கு அவஸ்தை. கால் டாலர் நாணயம் ஒன்று 5.67 கிராம். 100 டாலர் ஜெயித்தால் 400 நாணயம், அதாவது இரண்டேகால் கிலோவை பிளாஸ்டிக் வாளியில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், விரலெல்லாம் கறுத்துப்போயிருக்கும். நடுவில் மெஷினுக்குள் நாணயம் தீர்ந்துவிட்டால் ஊழியர் ஒரு மூட்டையோடு வந்து நிரப்பும்வரை காத்திருக்க வேண்டும். கணக்கு அறையில் நாணயத்தை ஒவ்வொன்றாக எண்ண மாட்டார்கள், எடைபோட்டுத்தான் தொகை பார்ப்பார்கள்.

அதற்கும் முன்னால், 1960களின் நடுப்பகுதி வரை, நெவாடாவில் அசல் வெள்ளி டாலர்களே மேஜையில் புழங்கின. வெள்ளி விலை ஏற ஏற ஜனங்கள் நாணயத்தைப் பதுக்க ஆரம்பித்தார்கள். கேசினோக்களுக்குத் தட்டுப்பாடு வந்து, பதிலுக்கு உலோக டோக்கன்கள் அடித்துக்கொண்டார்கள்.

கேள்வி: சீட்டாட்ட மேஜைகளில் சென்ட் கணக்கு வராதா? அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: வரும், ஆனால் வராமல் பார்த்துக்கொள்வதில்தான் அவர்கள் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

21ஐத் தாண்டாமல் நெருங்கப் பார்க்கும் சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் இரண்டுக்கு மூன்று என்பது பழைய கணக்கு. 5 டாலர் கட்டியவனுக்கு 7 டாலர் 50 சென்ட். இதற்காகவே கடைத்தெருவில் கண்ணில் படாத அரை டாலர் நாணயங்களை டீலர், அதாவது சீட்டுப் போடும் ஊழியர், தட்டில் அடுக்கி வைத்திருப்பார், சில இடங்களில் இரண்டரை டாலருக்கென்றே இளஞ்சிவப்புப் பந்தய வில்லை உண்டு. இப்போது பல மேஜைகளில் ஐந்துக்கு ஆறு என்று மாற்றிவிட்டார்கள். 5 கட்டினால் 6, 10க்கு 12, 15க்கு 18, 25க்கு 30, சில்லறைத் தொல்லையே கிடையாது. கூடவே என்ன போயிற்று என்றும் பாருங்கள்: பழைய முறையில் 10 டாலருக்கு 15 வரும், இப்போது 12தான். ஒவ்வொரு பிளாக்ஜாக்கிலும் 3 டாலர் போகிறது! கேசினோவின் சாதகம், அதாவது கட்டும் பணத்தில் சராசரியாக அதற்குத் தங்குவது, இந்த ஒரு மாற்றத்தாலேயே சுமார் 1.4 சதவீதம் ஏறிவிடுகிறது. திருச்சிக்காரர் 87 சென்ட்டுக்கு வருத்தப்படுகிறார், நியாயம்தான், ஆனால் இந்த மேஜையில் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் போவதை ஜெயித்த சந்தோஷத்தில் யாரும் கவனிப்பதில்லை.

பக்காரா என்ற சீட்டாட்டத்தில் 'பிளேயர்', 'பேங்கர்' என்று இரண்டு பக்கம், எது ஜெயிக்கும் என்று பந்தயம். 'பேங்கர்' பக்கம் கட்டி ஜெயித்தால் 5 சதவீதம் கமிஷன். 25 டாலருக்கு ஒன்றேகால் டாலர். ஒவ்வொரு முறையும் கால் டாலருக்குத் தேடிக்கொண்டிருந்தால் ஆட்டம் ஓடாது, அதனால் யார் எவ்வளவு பாக்கி என்று டீலர் குறித்து வைத்துக்கொண்டு, பெட்டியிலிருக்கும் சீட்டுகள் தீர்ந்ததும் மொத்தமாக வாங்குவார். அதுவும் வேண்டாமென்று கமிஷனே இல்லாத வகைகளும் வந்துவிட்டன. சும்மா விட்டுக்கொடுப்பார்களா? ஒரு வகையில் பேங்கர் 6 புள்ளியில் ஜெயித்தால் பாதிதான் தருவார்கள், இன்னொன்றில் மூன்று சீட்டில் 7 எடுத்து ஜெயித்தால் ஜெயித்ததாகவே கணக்கில்லை, கட்டின பணம் மட்டும் திரும்பும்.

பகடை ஆட்டமான கிராப்ஸில் 6 அல்லது 8 மீது கட்டினால் ஆறுக்கு ஏழு என்பது விகிதம். விஷயம் தெரியாதவர் 5 டாலரை வைப்பார். கணக்குப்படி 5 டாலர் 83 சென்ட் வர வேண்டும், கையில் 5தான் வரும், 83 சென்ட்டைக் கணக்கிலிருந்தே விட்டுவிடுவார்கள். அதற்குச் சீட்டும் கிடையாது, கவுன்ட்டரும் கிடையாது. 6, 12, 18 என்று ஆறின் மடங்கில்தான் கட்ட வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் 1 சென்ட், 2 சென்ட் நாணயமே கிடையாது. ஆனால் இங்கே கிளப்புகளில் ஒரு சென்ட் மெஷின் இருக்கிறதே?
– மெல்போர்ன் வாசகர்

பதில்: மெஷினுக்குள் ஒரு சென்ட் என்பது வெறும் கணக்கு, நாணயம் இருக்க வேண்டியதில்லை. 1992இல் அந்த நாணயங்களை விலக்கிக்கொண்ட பிறகு, கடைசியில் மிஞ்சுவதை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அதற்குச் சில மெஷின்களில் வேடிக்கையான ஏற்பாடு உண்டு: மீதியை வைத்து இன்னொரு சின்னப் பந்தயம். ஒரு டாலர்தான் மெஷின் தரக்கூடிய மிகச் சிறிய தொகை, மிச்சம் 60 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100க்கு 60 வாய்ப்பில் முழு டாலர் கிடைக்கும், தவறினால் பூஜ்யம். இந்த மாதிரி மீதிப் பந்தயத்துக்கென்று மெஷின்களைச் சோதிக்கும் தரவிதிகளில் தனிப் பகுதியே இருக்கிறது. வேண்டாமென்றால் ஊழியரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: யாரோ விட்டுப்போன சில்லறைச் சீட்டு மெஷினில் கிடந்தால் எடுத்துக்கொள்ளலாமா?
– மதுரை வாசகர்

பதில்: கூடாது. அப்படி மெஷின் மெஷினாகத் துழாவிக்கொண்டு அலைகிறவர்கள் என்றே அங்கே ஒரு தனிக் கூட்டம் உண்டு, அவர்களைப் பிடித்து வெளியே அனுப்புவதற்கும் ஆட்கள் உண்டு. மேலே முழுக்க கேமரா. 12 சென்ட் சீட்டுக்காக, விசாவில் போன இடத்தில் திருட்டு என்று பேர் வாங்கிக்கொண்டு காவலாளியோடு மல்லுக்கட்ட வேண்டாம், அப்படியே ஊழியர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.