விலை உயர்ந்த க்ளோஸ்டு-பேக் ஹெட்ஃபோன்களை எப்படி மதிப்பிடுவது? இசை கேட்க மட்டும் என்றால் அவ்வளவு பணம் தகுமா?

கேள்வி கேட்டவர் கொடுத்த விவரம்: வீட்டில் எப்போதும் ஆள் நடமாட்டம், அதனால் ஓப்பன்-பேக் (பின்பக்கம் திறந்த வகை) சரிப்படாது, கேட்பது கர்நாடக இசையும் பழைய சினிமாப் பாட்டும், ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை போகத் தயார், விமர்சனங்களைப் படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது.

முதலில் என்னைப் பற்றி. நான் ஒலிப் பொறியாளர் இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் 22 வருடமாக இருக்கிறேன். வீடு வேலூர் சத்துவாச்சாரி, தேசிய நெடுஞ்சாலைக்குக் கூப்பிடு தூரம். ஒலியைவிடத் தோலைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும். ஹெட்ஃபோன் விஷயத்தில் அது இவ்வளவு கைகொடுக்கும் என்று நானே நினைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். க்ளோஸ்டு-பேக், அதாவது பின்பக்கம் மூடிய வகையில் தீராத தலைவலி ஒன்று உண்டு. டிரைவரின் (ஒலியை உண்டாக்கும் பாகம்) சவ்வு முன்பக்கம் எவ்வளவு சத்தம் போடுகிறதோ அவ்வளவையும் பின்பக்கமும் போடும். ஓப்பன்-பேக்கில் அது வெளியே போய்விடும். மூடியதில் போக வழியில்லை. காதை மூடும் கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி வந்து, பாட்டோடு சேர்ந்து காதுக்குள் நுழையும். குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் குரல் எப்படி மாறுமோ, அதேதான். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் லட்சங்களில் பெரும்பங்கு இந்தக் குடத்துச் சத்தத்தை அடக்கத்தான் போகிறது. அது அடங்கியிருக்கிறதா, பேட் (காதைச் சுற்றி உட்காரும் மெத்தை) உங்கள் தலையோடு ஒட்டி உட்காருகிறதா, இந்த இரண்டையும் பார்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மீதிப் பேச்செல்லாம் பிறகுதான்.

ஆளுக்கு ஒரு வைத்தியம் செய்திருக்கிறார்கள். சென்ஹைசர் 2018-ல் எச்டி 820 கொண்டுவந்தபோது, பின்பக்கத்தை வளைந்த கொரில்லா கண்ணாடியால் மூடியது; பின்னால் வரும் ஒலியைத் திசைமாற்றி உள்ளே இருக்கும் உறிஞ்சும் அறைகளுக்கு அனுப்புவதற்காக. டெனான் டி9200-க்கு மூங்கில் கிண்ணம். ஃபோஸ்டெக்ஸ் டிஎச்900-க்கு மரக் கிண்ணத்தின் மேல் ஜப்பானிய உருஷி அரக்குப் பூச்சு. 2021-ல் வந்த டான் கிளார்க் ஸ்டெல்த்தில் காதுக்கும் சவ்வுக்கும் நடுவே தேன்கூடு போல ஓர் அமைப்பை வைத்து, அங்கே உருவாகும் தேவையில்லாத அதிர்வுகளை விழுங்க விடுகிறார்கள். அறிமுகத்தின்போது அமெரிக்காவில் அதன் விலை 3,999 டாலர். பெட்டியின் மேல் மரம், கண்ணாடி, அரக்கு என்று போட்டிருப்பதை அழகுக்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அழகுக்கும்தான், அதையும் மறுக்கவில்லை.

எனக்கு இந்த உலகம் திறந்தது போன மே மாதம். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் தன் ஃபோகல் ஸ்டெல்லியாவை மூன்று வாரம் என்னிடம் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனான். பெரிலியம் சவ்வு, 435 கிராம் எடை, 2019-ல் 2,999 டாலருக்கு வந்த சாமான். பத்து நாள் கழித்து போன் பண்ணினான். "இன்னா மாமா, எப்டிக் கீது?" நான் அப்போது அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஈரத் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் ஃபேன் போட்டால் அதன் உறுமல் கேட்கும், நிறுத்தினால் பத்தே நிமிடத்தில் பேடுக்குள் வேர்வை தேங்கும். மூடிய ஹெட்ஃபோன் வெளிச் சத்தத்தைத் தடுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். தடுப்பது உயர்ந்த சுருதியைத்தான்: குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவியின் பேச்சு. ஃபேன் உறுமல், லாரி இன்ஜின், ஆடி மாதம் அம்மன் கோவில் ஸ்பீக்கரில் வரும் பம்பைச் சத்தம், இந்தக் கீழ்ஸ்தாயி எதையும் அது பெரிதாகத் தடுக்காது. சத்தத்தை மூழ்கடிக்க வால்யூமை ஏற்றும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். கடைசியில் நான் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து கேட்டேன். அந்த நேரத்தில்தான் அது என்ன என்று புரிந்தது.

எப்படிச் சோதித்தேன் என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

தம்புரா. கச்சேரிப் பதிவில் பாட்டு தொடங்குமுன் அரை நிமிடம் வெறும் சுருதி ஓடும் இல்லையா, அதை மட்டும் கேளுங்கள். ஒரு கட்டை சுருதி என்றால் ஸட்ஜம் 130 ஹெர்ட்ஸ் வாக்கில், மந்தர ஸட்ஜம் அதில் பாதி, 65. அதற்கு மேலே ஜவாரியின் (தந்தி பாலத்தில் உரசி எழும் அதிர்வு) ரீங்காரம் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை அடுக்கடுக்காக ஏறும். கிண்ணம் சரியில்லை என்றால் நான்கு தந்தியில் ஏதோ ஒன்று மட்டும் வீங்கிக் கேட்கும். சென்னையில் நண்பர் வீட்டில் கேட்ட ஒன்றில் (பெயர் சொன்னால் கமெண்டில் சண்டை வரும், வேண்டாம்) மந்தர ஸட்ஜம் வரும்போதெல்லாம் யாரோ குடத்தைத் தட்டுவது போலிருந்தது. விலை இரண்டு லட்சத்துக்கு மேல். ஸ்டெல்லியாவில் நான்கு தந்தியும் ஒரே ஆள் மீட்டுவது போல் கேட்டது.

அடுத்தது மிருதங்கம். வலந்தலையில் (வலது முகம்) விழும் சாப்பு எல்லா ஹெட்ஃபோனிலும் நன்றாகத்தான் இருக்கும். தொப்பியைக் கவனியுங்கள். ரவை அப்பிய இடது முகத்தில் கும்கி இழுக்கும்போது நாதம் வழுக்கிக்கொண்டு மேலேறும். நல்ல கிண்ணத்தில் அந்த வழுக்கல் முழுதாகக் கேட்கும், மோசமானதில் "டும்" என்று ஒரே இடத்தில் நின்றுவிடும். சினிமாப் பாட்டென்றால் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டாரைப் பின்தொடருங்கள்: ஸ்வரம் மாறும்போது சத்தம் கூடிக் குறைகிறதா என்று. கூடிக் குறைந்தால் அது வாசித்தவரின் வேலை அல்ல, குடத்தின் வேலை. நாதஸ்வரத்தைக் கடைசியில் வையுங்கள். இருபது நிமிடம் கேட்டும் காது கூசவில்லை என்றால் மேல்ஸ்தாயி பிழைத்தது.

இரண்டு ஹெட்ஃபோனை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். இதில் ஏமாறாத காதே இல்லை. நான் செய்தது மட்டமான வேலைதான்: செருப்புப் பெட்டி அட்டையில் மொபைல் மைக் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் மேல் ஹெட்ஃபோனை வைத்து அழுத்தி, இரைச்சல் ஆடியோ ஃபைலை ஓட்டி, சவுண்ட் மீட்டர் ஆப்பில் எண் ஒன்றாக வரும்வரை வால்யூமைத் திருகினேன். துல்லியம் போதாது, ஆனால் ஏமாற்றத்தில் பாதி குறையும்.

இனி பேட். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், என் தொழில் இது.

மூடிய ஹெட்ஃபோனின் பேஸ் (கீழ்ஸ்தாயி ஒலி) முழுக்க பேட் தலையில் காற்றுப் புகாமல் ஒட்டுவதில் இருக்கிறது. சோதிக்க ஒரு வழி: பாட்டு ஓடும்போது காதுக்குப் பின்னால் பேடை விரல் நுனியால் லேசாகத் தூக்குங்கள். தொப்பி காணாமல் போகும். சரி, மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு அந்த விரல் எப்போதும் அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். நான் போடுவது தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம். முதல் ஒரு வாரம் ஸ்டெல்லியாவில் பேஸ் மெலிவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்து கண்ணாடி போட மறந்து கேட்ட ஒரு காலையில்தான் உண்மை தெரிந்தது. வீட்டுக்காரி சிரித்தாள்: "மூணு லட்சத்துக்குக் கேக்காதது கண்ணாடியக் கழட்டினா கேக்குதா?"

தோலைப் பொறுத்தவரை, சோஃபாவுக்குப் போடும் ரெக்சினுக்கு அண்ணன் தம்பிதான் பல பேடுகளின் மேலுறை. பெட்டியில் "புரோட்டீன் லெதர்" என்று இருக்கும். உண்மையில் அது துணி மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு, அதற்கு எதிரி ஈரமும் சூடும். இரண்டும் சேர்ந்தால் பூச்சின் இணைப்பே அறுந்து, கன்னத்தில் கறுப்புச் செதில் ஒட்டும். என் பழைய ஹெட்ஃபோன் ஒன்றுக்கு இங்கே அது இரண்டு கோடையில் நடந்தது. நிஜத் தோல் என்றால், பேடின் உள்வளைவைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி மடியுங்கள். நல்ல ஆட்டு நப்பாவில் (மென்மையான தோல்) சுருக்கம் மயிரிழை மாதிரி விழுந்து, விரலை எடுத்ததும் மறையும். பூச்சு கனமாக ஏற்றிய தோலில் சுருக்கம் பெரிதாக, காகிதம் மடிந்தது போல் விழும். அது காற்றை விடாது, வேர்வையையும் குடிக்காது. டேனரியில் நாங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்போம், பூச்சு குறைந்த தோல் அந்த இடத்தில் கறுக்கும். அதை அடுத்தவர் ஹெட்ஃபோனில் செய்துவிடாதீர்கள். அக்கா மகன் முகத்தில் விழிக்க வேண்டியிருந்ததால் நான் செய்யவில்லை.

நிஜத் தோல் வேர்வையைக் குடிக்கும், ஆனால் உப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கேட்டு முடித்ததும் லேசாக ஈரமான பருத்தித் துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டு, பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். வெல்வெட் பேட் வேர்க்காது, ஆனால் அதன் வழியாகக் காற்று கசியும், பேஸும் கூடவே போகும். பேட் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று வாங்குமுன் விசாரியுங்கள். இந்த ஊர் சூட்டில் அதை எப்படியும் மாற்ற வேண்டிவரும்.

ஆம்ப் (ஹெட்ஃபோனுக்கு மின்திறன் கூட்டித் தரும் பெட்டி) பற்றி அதிகம் இல்லை. ஸ்டெல்லியா ஒரு மில்லிவாட்டுக்கு 106 டெசிபல் தரும், மொபைலில் செருகும் சின்ன டாங்கிள் போதும். ஸ்டெல்த் ஏறத்தாழ 86. 20 டெசிபல் வித்தியாசம் என்றால் அதே சத்தத்துக்கு 100 மடங்கு மின்திறன் வேண்டும், அதாவது நல்ல ஆம்ப் ஒன்றின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் மின்வெட்டு வந்தால் மொபைலில் பாடுவதுதான் பாடும்.

தகுமா என்ற கேள்விக்கு: 2017-ல் ஜெரோன் பிரெபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து, ஒலி எந்த ஸ்தாயியில் எவ்வளவு வருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்று கண்டார். அளவீடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பவர்களும் உண்டு, தம்புரா கேட்டவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் அந்தப் பக்கம்தான். ஆனால் விலையை வைத்து ஒலியை ஊகிக்க முடியாது என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. ஐயாயிரம் ரூபாய் ஹெட்ஃபோனிலிருந்து முப்பதாயிரத்துக்குப் போனால் வித்தியாசத்தை வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். முப்பதாயிரத்திலிருந்து மூன்று லட்சத்துக்குப் போனால் நீங்கள் மட்டும் சொல்வீர்கள், அதுவும் விடியற்காலை ஐந்து மணிக்கு.

உங்கள் நிலையில் நான் இருந்தால், இந்த விலைச் சாமானைக் கேட்டுப் பார்க்காமல் ஆன்லைனில் போட மாட்டேன். வேலூரில் இப்படிக் கேட்க வைக்கும் கடை எனக்கு அமையவில்லை. காட்பாடியில் ரயிலேறினால் சென்னை இரண்டு மணி நேரம். வழக்கமாகப் போடும் மூக்குக்கண்ணாடியோடு, மனப்பாடமான நான்கு பதிவுகளோடு போங்கள். கடை ஏசியில் ஐந்து நிமிடம் கேட்டால் எதுவும் தெரியாது. முக்கால் மணி நேரம் கழற்றாமல் போட்டிருக்க அனுமதி கேளுங்கள், திருப்பிக் கொடுக்கும் வசதி உண்டா என்றும் கேளுங்கள். 400 கிராமுக்கு மேல் இருப்பது கழுத்துக்கு ஒத்துவருமா என்பது அரை மணி தாண்டினால்தான் தெரியும்.

நான் வாங்கினேனா என்றால், இல்லை. ஸ்டெல்லியாவைத் துடைத்துப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழைய பெயர்டைனமிக் டிடி 770-இல் 80 ஓம் வகைதான் இன்னும் ஓடுகிறது. அதோடு மெல்லிய கம்பிக் காது வைத்த கண்ணாடி ஃபிரேம் ஒன்று வாங்கினேன், 1,800 ரூபாய். தொப்பி திரும்பி வந்துவிட்டது. தம்புரா மட்டும் அந்த மூன்று வாரம் போல இல்லை.