நெட் விட்டு விட்டு வருகிறதா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

லைன் பராமரிப்பு வேலையில் இருந்தவன் என்பதால் இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டு இணைப்பு அறுந்து அறுந்து வருவது பற்றி மட்டும் கேளுங்கள். எந்த பிளான் போடலாம், எந்த ரவுட்டர் வாங்கலாம் என்பதெல்லாம் என் கடையில் இல்லாத சரக்கு. கேட்கும் முன் இரண்டு விஷயம் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. நெட் போகும் அந்த நேரத்தில் பெட்டியில் எந்த விளக்கு எப்படி எரிகிறது, கேபிள் சொருகிய கணினியிலும் போகிறதா. அப்புறம், ரவுட்டரின் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டையில் தயவுசெய்து குண்டூசியை விடாதீர்கள்.

மாடிப்படி: சார், ஃபைபர் இணைப்பு. ஒரு நாளில் பல தடவை நெட் நின்றுபோய் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் போனில் வைஃபை அடையாளம் முழுதாகத்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வைஃபை அடையாளம் உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே சிக்னல் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ரவுட்டருக்கு அப்பால் லைன் செத்துக் கிடந்தாலும் அது முழுதாகவே காட்டும். அதனால் எந்தப் பாதி அறுகிறது என்பதை முதலில் பிரிக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் பாதியா, வெளியே போகும் பாதியா? இதைத் தெரிந்துகொள்ளாமல் செய்கிற எல்லாமே குருட்டு வைத்தியம்.

ஒரு கணினியில் இரண்டு பிங் ஜன்னல் திறந்து ஓடவிடுங்கள், ஒரு முகவரியைத் தட்டித் தட்டிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளைதான் பிங். ஒன்று ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், இல்லையென்றால் நெட்வொர்க் அமைப்பில் கேட்வே என்று போட்டிருப்பதைப் பாருங்கள். இன்னொன்று 8.8.8.8-க்கு, அது வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் முகவரி. நெட் போகும்போது இரண்டுமே நின்றால் கோளாறு வீட்டுக்குள், அதாவது வைஃபை, கேபிள் அல்லது ரவுட்டரே. ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்க 8.8.8.8 மட்டும் நின்றால் பெரும்பாலும் லைனில். இரண்டும் ஓடியும் பக்கங்கள் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிக்கொடுக்கும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படலாம்.

உங்களுடையது ஃபைபர் என்பதால் விளக்குகளே பாதி சொல்லிவிடும். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. பான் விளக்கு மினுக்கினால் ஒளி வருகிறது, ஆனால் எதிர்முனையோடு பேச்சு சரியாகத் தொடங்கவில்லை. பல பெட்டிகளின் அமைப்புப் பக்கத்தில் உள்ளே வரும் ஒளியின் அளவை டிபிஎம் என்ற அலகில் காட்டும், மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு என்று பொருள். வீடுகளில் பரவலாக இருக்கும் ஜிபான் என்ற வகை ஃபைபர் பெட்டிகளுக்கு மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவே இருக்க வேண்டும். மைனஸ் 20 பக்கம் என்றால் நிம்மதி. மைனஸ் 26, 27 என்று காட்டினால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு நிற்கும், உங்கள் அறிகுறி மாதிரியே இருக்கும். முதலில் அலமாரிக்குப் பின்னால் ஃபைபர் ஒயர் மடங்கி நசுங்கியிருக்கிறதா பாருங்கள். வீட்டுக்குள் இழுக்கும் வகை ஃபைபரே ஒரு சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைந்தால் ஒளியைக் கசியவிடும், பழைய வகைக்கு மூன்று சென்டிமீட்டர் வேண்டும். எண்ணைக் குறித்துவைத்துவிட்டுப் புகார் கொடுங்கள். "நெட் வரவில்லை" என்று சொல்பவரைவிட "ஒளி அளவு மைனஸ் 27" என்று சொல்பவரிடம் எதிர்முனையில் இருப்பவர் வேறு மாதிரி பேசுவார்.

கடைசி அறை: படுக்கை அறையில் மட்டும் போகிறது, கூடத்தில் நன்றாக இருக்கிறது.

பதில்: லைனில் கோளாறு இல்லை, வைஃபை. ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்தும் இரும்பு பீரோ பக்கத்திலிருந்தும் எடுத்து, கொஞ்சம் உயரமாக, வீட்டின் நடுப்பக்கம் வையுங்கள். அந்த அறையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைப் பயன்படுத்துங்கள், அது சுவரைக் கொஞ்சம் நன்றாகத் தாண்டும். அந்தப் பட்டைக்குள் இருக்கும் தடங்களான சேனல்களில் 1, 6, 11 இவற்றில் ஒன்றை வையுங்கள். 3, 4 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்து வீட்டுச் சத்தமும் உங்களுக்குத்தான்.

புது வீடு: நல்ல ரவுட்டர் ஒன்று சொல்லுங்களேன்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன், இது வேறு கடை.

தூக்கம் போச்சு: அண்ணா, நெட் அடிக்கடி போகிறதே என்று ரீசெட் பட்டனை ஊசியால் அழுத்தினேன். இப்போது நெட்டே வரவில்லை!

பதில்: இதற்குத்தான் முதலிலேயே சொன்னேன். அது ரீஸ்டார்ட் இல்லை, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் பெட்டியைத் திருப்பிவிடும். உங்கள் இணைப்பு பிபிபிஓஇ வகை என்றால் அதற்கான பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்திருக்கும். சேவை கொடுப்பவரைக் கூப்பிட்டு அவற்றைக் கேட்டு வாங்கித் திரும்பப் போடுங்கள், வேறு வழி இல்லை. மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு ஊசியைக் கீழே வையுங்கள்.

வானொலி: வினோதமான கோளாறு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயரே திடீரென்று பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது, ஒரு நிமிடம் கழித்து வருகிறது. அதே ரவுட்டரின் 2.4 அசையாமல் நிற்கிறது. கேபிளிலும் பிரச்சினை இல்லை.

பதில்: அப்பாடா, கேட்க வேண்டிய விதத்தில் ஒரு கேள்வி. உங்கள் ரவுட்டரின் லாக்கை, அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவைத் திறந்து பாருங்கள், ரேடார் கண்டறியப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம்.

5 கிகாஹெர்ட்ஸில் சேனல் 52 முதல் 144 வரை உள்ள பகுதியில் வானிலை ரேடார், ராணுவ ரேடார் போன்றவையும் இயங்குகின்றன. ஆகவே பல நாடுகளில் அங்கே வைஃபை வாடகைக்கு இருப்பவர் மாதிரிதான். ரேடார் துடிப்பு போல எதையாவது கேட்டால் ரவுட்டர் உடனே அந்த சேனலைக் காலி செய்ய வேண்டும். அதே பகுதியில் புதிய சேனலுக்குப் போனால், அங்கே ரேடார் இல்லை என்று உறுதிசெய்ய 60 வினாடி வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் ஒரு நிமிட மறைவு அதுதான். ஐரோப்பிய விதிப்படி வானிலை ரேடார் இருக்கும் 120 முதல் 128 வரையான சேனல்களில் இந்தக் காத்திருப்பு 10 நிமிடம். உண்மையான ரேடார் இருக்க வேண்டும் என்றும் இல்லை, ஏதோ ஒரு சத்தத்தை ரேடார் என்று நினைத்துக்கொண்டு ஓடும் பெட்டிகளும் உண்டு.

தீர்வு சுலபம். சேனலைத் தானியங்கியில் விடாமல் 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றைப் பிடித்து வையுங்கள். இன்னொன்று, பட்டை அகலம் 160 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் 80-க்குக் குறையுங்கள். 36-இல் தொடங்கும் 160 அகலம் 64 வரை நீண்டுவிடும், அதாவது பாதி உடம்பு ரேடார் பகுதிக்குள். சேனல் 36 என்று போட்டும் மறைகிறதே என்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பழைய மோடம்: எதற்கு இத்தனை ஆராய்ச்சி? நான் டைமர் பிளக் போட்டு தினமும் விடியற்காலை ரவுட்டரை அணைத்து எழுப்புகிறேன். பிரச்சினையே இல்லை. எல்லோரும் இதைச் செய்தால் இந்தப் பக்கமே தேவைப்படாது.

பதில்: பிரச்சினை இல்லை என்று சொல்ல முடியாது, அது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பல ரவுட்டர்களில் லாக் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது, மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்ட பிறகு தெர்மாமீட்டர் வைப்பது போன்ற வேலை அது.

பழைய மோடம்: எனக்கு லாக் எதற்கு, நெட்தானே வேண்டும்? ரவுட்டர் என்பது சின்னக் கம்ப்யூட்டர், நாள்கணக்கில் ஓடினால் நினைவகம் நிரம்பும். அதை மறுக்கிறீர்களா?

பதில்: மறுக்கவில்லை. பெட்டிக்குள் ஓடும் மென்பொருளைத்தான் ஃபர்ம்வேர் என்பார்கள். நினைவகத்தைத் திருப்பித் தராத மோசமான ஃபர்ம்வேர் இருக்கிறது, திறந்த இணைப்புகளைப் பதிவு செய்யும் அட்டவணை நிரம்பித் திணறும் பெட்டியும் இருக்கிறது. அதற்கு முதல் மருந்து ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது. சில பெட்டிகள் தாமாகவே இரவில் புதுப்பித்துக்கொள்ளும், உங்கள் டைமர் சரியாக அந்த நேரத்தில் மின்சாரத்தை வெட்டினால் பெட்டி எழுந்திருக்காமலே போகலாம். இன்னும் ஒன்று, உங்களுடையது தொலைபேசிக் கம்பியில் வரும் டிஎஸ்எல்லா, ஃபைபரா?

பழைய மோடம்: டிஎஸ்எல். ஆனால் வேகம் முன்பு இருந்ததைவிடக் குறைவுதான், அது வேறு விஷயம்.

பதில்: வேறு விஷயம் இல்லையே! பல டிஎஸ்எல் லைன்களை எதிர்முனையில் ஒரு தானியங்கி கண்காணிக்கிறது. லைன் அடிக்கடி அறுந்து சேர்கிறது என்று அதற்குத் தோன்றினால், நிலைத்து நிற்கட்டும் என்று வேகத்தைக் குறைக்கும். தினம் ஒரு தடவை மட்டும் அணைத்தால் அது கண்டுகொள்ளாமலும் இருக்கலாம். ஆனால் டைமருக்கு முன்னால், நெட் போகும்போதெல்லாம் கையால் அணைத்து அணைத்துப் போட்டிருப்பீர்களே?

நள்ளிரவு: நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எங்கள் வீட்டிலும் டைமர்தான். எங்களுக்கு அதனால் உண்மையிலேயே சரியானது.

பதில்: உங்கள் இருவருக்கும் ஒரே வேலை. டைமரைக் கழற்றிவிட்டு அமைப்புப் பக்கத்தில் அப்டைம் என்ற எண்ணைப் பாருங்கள், பெட்டி எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடுகிறது என்று அது காட்டும். நீங்கள் தொடாமலே அது பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தால் பெட்டி தானாக விழுந்து எழுகிறது. அப்போது முதல் சந்தேகம் அடாப்டர் மீது. பழசான அடாப்டர் சும்மா இருக்கும்போது 12 வோல்ட் கொடுக்கும், பெட்டி மும்முரமாக வேலை செய்யும்போது படுத்துவிடும். மாற்றினால் வோல்ட் அதேயாக இருக்கட்டும், ஆம்பியர் அதே அல்லது கூடுதல், பின்னின் துருவமும் பொருந்த வேண்டும்.

பழைய மோடம்: அப்டைம் பார்க்கிறேன். டைமரைக் கழற்றமாட்டேன்.

பதில்: உங்கள் வீடு, உங்கள் பிளக். அடுத்தவர்.

அவசரம்: நெட் அடிக்கடி போகிறது. தீர்வு சொல்லவும்.

பதில்: எந்த விளக்கு? கேபிளிலும் போகிறதா? மாடிப்படிக்குச் சொன்னதைச் செய்துவிட்டு வாருங்கள்.

வீட்டிலிருந்து வேலை: வேகச் சோதனையில் எண் அருமையாக வருகிறது. ஆனால் வீடியோ கூட்டத்தில் அவ்வப்போது உறைந்து துண்டித்துவிடுகிறது. குறிப்பாக மாலையில், பிள்ளைகள் வெளியே போய்விட்டு வந்த பிறகு.

பதில்: பிள்ளைகளின் போன்கள் வீட்டு வைஃபையைக் கண்டதும் எடுத்த படங்களையெல்லாம் மேலே ஏற்றத் தொடங்கும். அப்லோட் பாதை நிரம்பியதும் ரவுட்டர் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் நீண்ட வரிசையில் நிறுத்திவைக்கும். உங்கள் குரலும் அதே வரிசையின் வாலில் நிற்க வேண்டியதுதான். பஃபர்ப்ளோட் என்பார்கள். அப்லோட் ஓடும்போது 8.8.8.8-க்கு பிங் போடுங்கள், 20 மில்லிவினாடியில் வந்த பதில் பல நூறுக்கு ஏறினால் இதுதான். ரவுட்டரில் வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்கியூஎம் என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோட் வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 85, 90 சதவீதத்துக்கு நிறுத்துங்கள். வரிசை உங்கள் கையில் இருக்கும். வசதி இல்லையென்றால் படம் ஏற்றுவதை இரவுக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

கூகுள் பிரியன்: டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றினால் எல்லாம் சரியாகும் என்கிறார்களே?

பதில்: பெயரைத் தேடுவது மட்டும் கெட்டுப்போயிருந்தால் சரியாகும். லைன் அறுவதை எந்த டிஎன்எஸ்ஸும் ஒட்டாது.

ஹார்ட் டிஸ்க்: ரவுட்டரில் ஒரு யுஎஸ்பி 3 டிஸ்க் மாட்டினேன். அன்றிலிருந்து 2.4 வைஃபை மோசம். பிரமையா?

பதில்: பிரமை இல்லை. யுஎஸ்பி 3-இன் தரவு ஓட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடும், இன்டெல் நிறுவனமே 2012-இல் இது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நல்ல கவசமுள்ள நீளமான கேபிள் போட்டு டிஸ்க்கை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது அந்த போர்ட்டை யுஎஸ்பி 2 வேகத்துக்கு இறக்குங்கள்.

மழைக்காலம்: டிஎஸ்எல். மழை பெய்தால் நெட் போகிறது, வெயில் அடித்தால் வருகிறது. ரவுட்டரை ரீசெட் செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம்! வேண்டாம்! மழைக்கும் அந்த ஓட்டைக்கும் என்ன சம்பந்தம்? கம்பியின் ஏதோ ஒரு ஜாயின்ட்டில் ஈரம் இறங்குகிறது. அதே லைனில் போன் இருந்தால் மழை நேரத்தில் எடுத்துக் காதில் வையுங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் சாட்சி கிடைத்துவிட்டது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஓர் எண் இருக்கும், இரைச்சலைத் தாண்டி சிக்னல் தேவைக்கு மேல் எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதுதான் அது. வழக்கமாக 6 டெசிபெல் அளவுக்கு வைப்பார்கள், மழையில் அது ஒன்று இரண்டுக்கு இறங்கினால் லைன் அறுவது நிச்சயம். வெயிலில் ஒன்று, மழையில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்துப் புகாரோடு கொடுங்கள், ஏனென்றால் ஆள் வந்து பார்க்கும் நாளில் எப்படியும் வெயில் அடிக்கும்.

பச்சை முனை: ஃபைபர் முனையைக் கழற்றித் துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கலாமா?

பதில்: பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னும் கிட்டே கொண்டுபோவீர்கள், பாதிப்பது கண்ணைத்தான். துணியும் விரலும் முனையில் படக் கூடாது, அதற்கென்று உலர்ந்த கிளீனர் பேனா இருக்கிறது, வருபவரிடம் அது இருக்கும். பச்சை முனையை நீல முனையோடு சேர்த்து மாட்டியிருக்கிறார்களா என்று மட்டும் நிறம் பாருங்கள். பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டது, நீலம் நேரானது, இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டாமல் ஒளி வீணாகும். அப்படி இருந்தால் படம் எடுத்து அனுப்பி மாற்றித்தரச் சொல்லுங்கள்.