படுத்துக் கிடக்கும் பாய்மரம்: டச்சு ஹெர்ரிங் ஓவியம் பற்றிக் கேள்வி பதில்

1700-ஐ ஒட்டிய காலத்தில் நெதர்லாந்தின் டெல்ஃப்ஸ்ஹாவன் துறைமுகத்தில் இருந்த அட்ரியான் வான் சால்ம் வரைந்த ஹெர்ரிங் மீன்பிடிப்பு ஓவியங்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: கறுப்பு வெள்ளையாக இருக்கிறதே, அச்சுப் படமா?

இல்லை, கையால் வரைந்ததுதான். வெள்ளை பூசிய பலகையிலோ துணியிலோ பேனாவும் மையும் கொண்டு கோடு கோடாக இழுப்பார்கள். பேனா ஓவியம் என்றே அதற்குப் பெயர். இந்த வகையில் பெரிய கை, மூத்த வில்லெம் வான் டி வெல்டே. ஒரு கயிறு எங்கே தொடங்கி எந்தக் கட்டையில் முடிகிறது என்று காட்டத் தூரிகையைவிடப் பேனாதான் சரி.

கேள்வி: சில கப்பல்களில் பாய்மரம் சாய்ந்து கிடக்கிறது. புயலில் உடைந்ததா?

உடையவில்லை, வேலை நடக்கிறது! இந்தக் கப்பலுக்கு 'பௌஸ்' என்று பெயர். பொழுது சாய்ந்ததும் வலையை இறக்கிவிட்டு, முன்னால் உள்ள மரங்களைப் படுக்க வைத்துவிடுவார்கள். பின்மரத்தில் மட்டும் சின்னப் பாய் நிற்கும். அது அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, காற்றின் பக்கம் திருப்பியே வைத்திருக்கும். கப்பலும் வலையும் ஒன்றாக மிதந்து போகும். வலை கடலுக்குள் திரைச்சீலை மாதிரி தொங்கும். ஹெர்ரிங் இரவில்தான் மேலே ஏறும், கண்ணியில் தலையை நுழைத்துச் செவுள் மாட்டிக்கொள்ளும். படத்தில் மரம் படுத்திருந்தால் வலை தண்ணீரில் இருக்கிறது என்று படியுங்கள்.

கேள்வி: ஐஸ் இல்லாத காலத்தில் மீன் கெடாதா?

என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் உயிரே இங்கேதான். சின்னக் கத்தியால் தொண்டையில் ஒரு கீறல். செவுளும் குடலில் பெரும்பகுதியும் ஒரே இழுப்பில் வந்துவிடும், ரத்தமும் வடியும். குடலோடு ஒட்டிய ஒரு சிறு பகுதியை மட்டும் வேண்டுமென்றே உள்ளே விட்டுவிடுவார்கள். அதில் இருக்கும் நொதிகள்தான் உப்போடு சேர்ந்து மீனைப் பக்குவமாக்கும். அப்புறம் பீப்பாயில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு. கருவாடு போல வெயிலில் காய்வதில்லை, ஊறுகாய் போல ஊறுகிறது. இதெல்லாம் கப்பலிலேயே முடிந்துவிடுவதால் வாரக்கணக்கில் கடலில் தங்க முடிந்தது. பீர்விலீட் ஊரின் வில்லெம் போய்கல்ஸ்ஸோன் என்பவர் இதைக் கண்டுபிடித்தார் என்பது டச்சுக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

கேள்வி: மீன்பிடிப் படத்தில் பீரங்கிக் கப்பல் எதற்கு?

காவலுக்கு. பிரான்ஸின் வடகரையில் உள்ள டன்கர்க்கிலிருந்து வந்த கொள்ளைக் கப்பல்கள் பெரிய தொல்லை. 1703-ல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் பிரெஞ்சுக்காரர்கள் டச்சு மீன்பிடிக் கப்பல்களைக் கூட்டமாக எரித்தார்கள். ஆண்டுதோறும் ஜூன் 24-ஐ ஒட்டி அங்கேதான் மீன்பிடிப்பு தொடங்கும். டச்சுக்காரர்கள் ஹெர்ரிங் தொழிலைப் 'பெரிய மீன்பிடிப்பு' என்றார்கள், திமிங்கில வேட்டையைச் 'சின்ன மீன்பிடிப்பு' என்றார்கள். எது சோறு போட்டது என்று தெரிகிறதா?

கேள்வி: ஹெர்ரிங் நம் ஊர் மீன் எதுபோல?

மத்திக்கு உறவு. அதே மாதிரி நெய் நிறைந்தது.

கேள்வி: ஆட்கள் எறும்பு மாதிரி இருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பாருங்கள். வலை கப்பலில் ஏறும் இடத்தில் தொடங்குங்கள். நனைந்த வலையின் பாரத்துக்கு முதுகை வளைத்து இழுப்பவர்கள் அங்கே இருப்பார்கள்.