பரிசோதனையில் எல்லாம் சரி. நோயாளிக்கு மட்டும் சரியில்லை

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறேன். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் பெண்களில் சிலர் நெஞ்சு படபடப்பு, உடல் வலி, தூக்கமின்மை என்று மாதந்தோறும் சொல்கிறார்கள். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை முடிவுகளில் குறையில்லை. ‘மனக்கவலையாக இருக்கலாம்’ என்றால், ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று கோபித்துக்கொண்டு, வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். எப்படிப் பேசுவது?

பதில்: அவர்களுடைய கோபம் நியாயமானதுதான். வலி என்று வந்தவரிடம் ‘உடம்புக்கு ஒன்றுமில்லை’ என்று முதலில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் மனத்தைப் பற்றிப் பேசினால், அவர் பொய் சொல்வதாக நாம் நினைக்கிறோம் என்றே எடுத்துக்கொள்வார். படபடப்பும் வலியும் உண்மையானவை. கவலை நீடிக்கும்போது அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடி இதயத் துடிப்பு வேகமாகிறது, தசைகள் இறுகுகின்றன, தூக்கம் கெடுகிறது, சர்க்கரையும் ஏறக்கூடும். ஆகவே, ‘உங்கள் வலி நிஜம், ஈசிஜியில் கோளாறு எதுவும் தெரியவில்லை, வேறு எதனால் வருகிறது என்று சேர்ந்து பார்ப்போம்’ என்று தொடங்குங்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே போன்ற தொல்லைகளைத் தரும் என்பதால், அவற்றைப் பார்த்தாகிவிட்டதா என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிறகு தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். தூக்கத்தைப் பற்றிப் பேச யாரும் கூச்சப்படுவதில்லை. ‘எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, விழித்ததும் என்ன நினைவு வருகிறது?’ என்று கேட்டால் கடனோ, கணவரின் குடியோ, மகளின் திருமணமோ தானாக வெளியே வரும். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தாரா, மனம் சோர்ந்து நம்பிக்கையிழந்து இருந்தாரா என்ற இரண்டு கேள்விகள் அடங்கிய, மனச்சோர்வு நோய் இருக்கலாமா என்று பார்க்கும் பிஎச்கியூ-2 என்னும் எளிய முறை உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும். இது சலித்தெடுக்கும் முறை மட்டுமே. நோயை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை.

‘வாழ்வதே வேண்டாம் என்று தோன்றியதுண்டா?’ என்று கேட்கப் பலர் தயங்குகிறார்கள். கேட்பதால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற அச்சம் அவர்களுக்கு. அப்படி ஆவதில்லை என்பதே ஆய்வுகள் காட்டும் முடிவு. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே அனுப்பாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் பூச்சிக்கொல்லியோ, சேர்த்துவைத்த மாத்திரைகளோ இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள். ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்புவதானால், ‘தூக்கத்துக்கும் படபடப்புக்கும் வைத்தியம் பார்ப்பவர், மாத்திரை வாங்க நீங்கள் எப்போதும்போல் என்னிடமே வரலாம்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். தன்னைத் தள்ளிவிடுகிறார்கள் என்ற எண்ணம் வந்தவர் அங்கே போகமாட்டார்.

நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். ஒரே நாளில் பேசி முடிக்க வேண்டியதில்லை. அவர் மாதந்தோறும் வருபவர், ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் போதும். ‘கோயிலுக்குப் போங்கள், எல்லாம் சரியாகும்’ என்ற அறிவுரையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவர் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருப்பார்.

கேள்வி: உடன் வரும் மாமியாரோ கணவரோ, ‘அவள் என்ன சொன்னாள்?’ என்று கேட்டால் என்ன செய்வது?

பதில்: ரத்த அழுத்தம் பார்க்கும்போதே உடன் வந்தவரை வெளியே அமரச் சொல்வதை எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக்கிவிட்டால் சந்தேகம் எழாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமையை நமக்கு விதித்திருக்கிறது; உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டுமே விலக்கு உண்டு. ‘தூக்கம் சரியில்லை, அதற்குப் பார்க்கிறோம், நீங்கள் கொஞ்சம் வேலையைப் பகிர்ந்துகொண்டால் நல்லது’ என்ற அளவில் சொல்லலாம். அதையும் அந்தப் பெண்ணிடம் முன்பே கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.