ஸ்கேனில் ஜவ்வுத் தேய்மானம்: வலிக்கு அதுதான் காரணமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 72. ஓராண்டாகக் கீழ்முதுகில் வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு தேய்ந்து பிதுங்கியிருப்பதாக வந்திருக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கனத்து உட்கார்ந்துவிடுகிறார். அறுவை சிகிச்சை தேவைப்படுமா?

பதில்: அறுவை சிகிச்சைப் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 72 வயதில் ஜவ்வு தேயாமல் இருந்தால்தான் ஆச்சரியம். முதுகுவலியே இல்லாத 80 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தேய்மானம் தெரியும். படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்கேனைவிட, 'உட்கார்ந்துவிடுகிறார்' என்று நீங்கள் எழுதியதே எனக்கு அதிகம் உதவுகிறது. அம்மா நடக்கும்போது கூடவே நடந்து கவனியுங்கள். உட்கார்ந்தால் அல்லது முன்பக்கம் குனிந்தால்தான் வலி குறைகிறதா? தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி என்றால் கூடுதல் தூரம் நடக்கிறாரா? அப்படியானால் தண்டுவடக் கால்வாய், அதாவது முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் பாதை, சுருங்கி நரம்புகள் நெருக்கப்படுவதாகச் சந்தேகிக்கலாம். குனியாமல், நின்ற இடத்தில் நின்றாலே சரியாகிறது என்றால் கால் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். பாதத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தொடை மூட்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும்போது தொடை இடுக்கில் வலித்தால், பிரச்சினை முதுகில் இல்லாமல் அந்த மூட்டிலேயே இருக்கக்கூடும். தூக்கம், மனச்சோர்வு, விழுந்துவிடுவோமோ என்ற பயம் ஆகியவற்றையும் மருத்துவர் கேட்க வேண்டும். மூன்றுமே வலியைக் கூட்டுபவை.

கீழே விழுந்த பிறகோ, லேசான பொருளைத் தூக்கிய பிறகோ வலி திடீரெனக் கூடினால் முள்ளெலும்பு நொறுங்கியிருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் எடுத்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். முன்பு புற்றுநோய் இருந்தது, காரணமின்றி எடை குறைகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் உடனே சொல்லுங்கள். சிறுநீர் பிரியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று: வலி மாத்திரைகளைத் தானாக வாங்கிச் சாப்பிடுகிறாரா? இந்த வயதில் அவை இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், ஸ்கேனோடு சேர்த்து மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.